வேலை போன வீட்டில் பணம் எங்கே கசிகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

டிசம்பர் 3ஆம் தேதி என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. நீலகிரி மலையில் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 11 வருடம் சூப்பர்வைசராக இருந்தார். உறைபனி விழ ஆரம்பித்தால் இலை வரத்து குறையும், இது எல்லா வருடமும் நடப்பதுதான். அந்த வருடம் ரொம்பவே குறைந்ததால் இரவு ஷிப்டை நிறுத்தி ஆளையும் குறைத்தார்கள். வீட்டில் மாமியார், நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். எனக்குத் தையல் வருமானம் உண்டு. அந்த ஐந்து மாதத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை எல்லோரும் செய்துவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும். அதைச் செய்யாமல் மீதியைச் செய்தால் எது சரியானது, எது ஆகவில்லை என்றே தெரியாது.

முதலில்: தேதி நோட்டு

மாத பட்ஜெட் போடாதீர்கள். மாதச் சம்பளம் வருகிறவர்களுக்குத்தான் மாத பட்ஜெட். நமக்கு இப்போது தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: கையில் இருக்கும் பணம் எந்தத் தேதி வரைக்கும் வரும்?

எங்கள் கணக்கையே சொல்கிறேன். வாடகை 4,500, மளிகையும் காய்கறியும் 6,000, பால் 1,200, கேஸ் 1,000, கரண்ட் மாதத்துக்கு 600, போன் 600, அத்தைக்கு மருந்து 900, பள்ளி வேன் 1,500, ஒரு கடனுக்கு டியூ 3,200. மொத்தம் 19,500. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 650 ரூபாய். என் தையலில் மாதம் 6,000, அதாவது நாளுக்கு 200. ஆக ஒவ்வொரு நாளும் கையிருப்பிலிருந்து 450 ரூபாய் போகிறது. அன்றைக்குக் கையில் இருந்தது 45,500. வகுத்துப் பார்த்தால் 101 நாள், அதாவது மார்ச் 14.

அந்தத் தேதியை நோட்டின் அட்டையிலேயே எழுதினேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு தேதி எழுத வேண்டும்: அடுத்த வருமானம் எப்போது கைக்கு வரும்? இங்கேதான் நான் தப்பு செய்தேன். ஏப்ரலில் சுற்றுலா சீசன் ஆரம்பிக்கும், லாட்ஜ்களில் ஆள் எடுப்பார்கள், ஆகவே ஏப்ரல் 1 என்று எழுதினேன். 18 நாள்தான் துண்டு விழுகிறது என்று நிம்மதியாகவும் இருந்தேன். நான்கு நாள் கழித்துத்தான் உறைத்தது. ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்தால் சம்பளம் மே முதல் வாரத்தில்தான் கைக்கு வரும். வேலை கிடைக்கும் தேதியை விட்டுவிட்டுப் பணம் வரும் தேதியை எழுதுங்கள். மார்ச் 14லிருந்து மே 5 வரை 52 நாள். நாளுக்கு 450 என்றால் 23,400 ரூபாய். எங்கள் பிரச்சினையின் அளவு அதுதான். அளவு தெரிந்த அன்றைக்கு ராத்திரிதான் நான் தூங்கினேன்.

அறிகுறி: நோட்டில் எழுதாத செலவு வந்துகொண்டே இருக்கிறது

கடைப் பாக்கி திடீரென்று கூடும், யாருக்கோ மொய் போயிருக்கும், பிள்ளைகள் டூருக்குப் பேர் கொடுத்திருப்பார்கள். பணத்தைத் தேடாதீர்கள். வீட்டில் யாருக்கு இன்னும் விஷயம் தெரியாது என்று பாருங்கள்.

வேலை போனதை என்னிடம் அன்றைக்கே சொன்னவர், தன் அம்மாவிடம் பொங்கல் வரைக்கும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போலக் கிளம்பி வெளியே போய்விடுவார். அத்தை பழைய நினைப்பிலேயே ஒரு கல்யாணத்துக்கு 2,000 மொய் வைத்தார், பேத்திக்கு ஸ்வெட்டர் எடுத்தார். அவர் மேல் என்ன தப்பு இருக்கிறது? தெரிந்தபோது கோபப்படவில்லை. “ஏன்டா, எங்கிட்ட சொல்றதுக்கு இத்தனை நாளா?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் பின்பக்கம் போட்டிருந்த பழைய விறகு பாய்லரைக் கழுவி வைத்தார்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். பயமுறுத்த வேண்டாம். நோட்டைக் காட்டி, இந்தத் தேதி வரைக்கும் இருக்கிறது, இதைத் தள்ளிப் போடப் போகிறோம் என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். எங்கள் மகன் வேன் வேண்டாம், நடந்தே போகிறேன் என்றான். மழைக்காலத்தில் காட்டுமாடு வரும் வழி என்பதால் நாங்கள்தான் சம்மதிக்கவில்லை. எல்லாச் செலவையும் வெட்டக் கூடாது.

அறிகுறி: கரண்ட் பில் எகிறுகிறது

மலையில் இருப்பவர்களுக்கு இதுதான் கண்ணுக்குத் தெரியாத பெரிய ஓட்டை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் அடுக்கடுக்காக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரை இருக்கும் யூனிட்டுகளுக்குமே விலை கூடிவிடும். ஆகவே 510 யூனிட் ஓடினால் அந்தப் பத்து யூனிட்டுக்காக மட்டும் நீங்கள் கூடுதலாகக் கட்டுவதில்லை.

சோதனை இப்படி: ஒரு நாள் காலை கெய்சர் போடுவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள், எல்லோரும் குளித்த பிறகு மறுபடி பாருங்கள். 2,000 வாட் கெய்சர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். தினமும் அப்படி ஓடினால் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். சமவெளியில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு இங்கே பொருந்தாது. டிசம்பரில் நம் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வரும், 25 லிட்டரைச் சூடாக்க ஒன்றேகால் யூனிட் வரை இழுக்கும். ரூம் ஹீட்டரும் அதே 2,000 வாட்தான், அது ராத்திரி மூன்று மணி நேரம் ஓடினால் கெய்சர் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும்.

எங்களுக்கு அத்தையின் பாய்லர் கை கொடுத்தது. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைத் தோட்டக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுகிறார்கள். 1,200 ரூபாய் வந்த பில் அடுத்த முறை 640 வந்தது. பாய்லர் இல்லாத வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்து முடித்து, கெய்சர் சுவிட்சை உடனே அணைத்தாலே பாதி வேலை முடிந்தது. நாள் முழுக்கப் போட்டு வைப்பதுதான் கெடுதல். கதவுக்கு அடியில் பழைய துணியைச் சுருட்டி வைத்தால் ஹீட்டர் தேவையும் குறையும்.

ஒரு எச்சரிக்கை: கரி அடுப்பைப் படுக்கை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். மலையில் ஒவ்வொரு பனிக்காலத்திலும் அந்தப் புகையில் உயிர் போகிறது. காசை மிச்சம் பிடிக்க அதைச் செய்யவே வேண்டாம்.

அறிகுறி: மளிகைச் செலவு குறையவே மாட்டேன் என்கிறது

ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள். எங்களுடையது அரிசி கார்டுதான், ஆனால் சம்பளம் வந்த காலத்தில் அரிசியை வாங்காமலே விட்டிருந்தோம். 20 கிலோ இலவச அரிசியில் மாதம் ஆயிரம் ரூபாய் மிஞ்சியது. இட்லிக்கும் தோசைக்கும் நன்றாகவே வருகிறது. துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 என்று சேர்த்து வாங்கினால் இன்னும் குறையும். காய்கறிக்கு, கேரட் கழுவும் மிஷின் இருக்கும் இடத்தில் உடைந்தது, கோணலானது என்று ஒதுக்கி வைப்பதைக் கேளுங்கள். ருசியில் எந்த வித்தியாசமும் இல்லை.

கடைப் பாக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வட்டி இல்லை என்றாலும் அந்தக் கடையிலேயே, அவர் சொல்லும் விலையிலேயே வாங்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: டியூ தேதியில் பணம் திரும்பிவிட்டது, இரண்டு பக்கமும் அபராதம்

கணக்கில் பணம் இல்லாமல் டியூ திரும்பினால் உங்கள் பேங்க் ஒரு கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்தவர் ஒன்று போடுவார், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. சில இடங்களில் அதே மாதம் மறுபடி முயற்சி செய்வார்கள், மறுபடி அபராதம். நான்கு தடவை திரும்பினால் ஒரு டியூவே அபராதத்தில் போயிருக்கும்.

தேதிக்கு முன்னாலேயே கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள்: வேலை போய்விட்டது, கடைசி வேலை நாள் இது, இத்தனை மாதம் தவணையைக் குறைத்தோ காலத்தை நீட்டியோ தர வேண்டும். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 90 நாளுக்கு மேல் நிலுவை போனால் அது வாராக்கடன் கணக்கில் சேர்ந்துவிடும், அதற்குப் பிறகு பேசுவது கஷ்டம். வீட்டுச் செலவுப் பணத்தையும் டியூ பிடிக்கும் கணக்கையும் பிரித்து வையுங்கள். அரிசிக்கு வைத்த பணம் ராத்திரியோடு ராத்திரியாக டியூவுக்குப் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் கட்ட முடியாதபோது எதை முதலில் கட்டுவது? என் வரிசை இது: வாடகை, மருந்து, சாப்பாடு. அப்புறம் பிழைப்புக்கு வேண்டிய பொருளின் மேல் இருக்கும் கடன், எனக்குத் தையல் மிஷின், உங்களுக்கு ஆட்டோ. பிறகுதான் மற்றவை. யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு முதலில் கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

அறிகுறி: குழுக் கடன்காரர்கள் வாசலில் வந்து உட்காருகிறார்கள்

ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த மைக்ரோ ஃபைனான்ஸ் விதிப்படி காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்கு வரக் கூடாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் வசூல். நீங்கள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை தொடர்ந்து அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். அதனால் பணம் இல்லாவிட்டாலும் குழுவின் வசூல் கூட்டத்துக்குப் போங்கள். இல்லை என்பதை அங்கேயே சொல்லுங்கள். ஒளிந்துகொண்டால்தான் அவர்களுக்கு வாசலுக்கு வரும் உரிமை கிடைக்கிறது. மிரட்டினால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க எண் 14448.

ஒரு குழுவை அடைக்க இன்னொரு குழுவில் எடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப்பும் வேண்டாம். வீட்டிலிருந்தே வேலை, முதலில் 3,000 கட்டுங்கள் என்று வரும் செய்தி முழுக்க ஏமாற்று. ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அடியுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

அறிகுறி: பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) விண்ணப்பம் திரும்பி வருகிறது

எங்களுக்கு நடந்தது இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழ்ப் பெயருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு, இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், ஃபேக்டரி பதிவில் ஒற்றை எழுத்து இருக்கும், பேங்க் புத்தகத்தில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். கணினிக்கு இவை மூன்று வேறு ஆட்கள். அதனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயர், பிறந்த தேதி இரண்டையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபட்டால் ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற திருத்த விண்ணப்பம் போட்டுத் திருத்த வேண்டும். உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான யு.ஏ.என். பழையது என்றால் வேலை பார்த்த இடத்திலும் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும், அதற்காகவாவது அங்கே சண்டை போடாமல் வெளியே வாருங்கள்.

அடுத்தது வெளியேறிய தேதி. அதை நிறுவனம் பதிவு செய்யாவிட்டால் பணம் நகராது. கடைசியாகப் பணம் செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, ஆதார் ஓ.டி.பி. மூலம் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம்.

எவ்வளவு எடுக்கலாம்? ஒரு மாதம் கழித்து 75 சதவீதம், இரண்டு மாதம் கழித்து மீதி என்பது 2018இலிருந்து இருந்த விதி. 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு, 75 சதவீதம் உடனே, மீதி 25 சதவீதம் 12 மாத வேலையின்மைக்குப் பிறகு என்று மாற்ற முடிவெடுத்தது. ஆகவே நோட்டில் 75 சதவீதத்துக்கு மேல் எழுதாதீர்கள். பென்ஷன் பகுதியையும் எழுதாதீர்கள். 10 வருடத்துக்கு மேல் சேவை இருந்தால் அதைப் பணமாக எடுக்க முடியாது, வயதான பிறகு பென்ஷனாகத்தான் வரும். 5 வருடத்துக்குக் குறைவான சேவையில் 50,000க்கு மேல் எடுத்தால் வரி பிடிப்பார்கள், பான் எண் இணைத்திருந்தால் 10 சதவீதம்.

எங்கேயோ மாட்டிக்கொண்டது என்றால் ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி எல்லா மாவட்டத்திலும் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கும். அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். நாங்கள் ஜனவரி 27 முகாமுக்குப் போய்த்தான் சிக்கல் எது என்றே புரிந்துகொண்டோம். பிப்ரவரி கடைசியில் பணம் வந்தது.

இருப்பதை எல்லாம் எடுக்கத் தேவையில்லை. 2024-25க்கு பி.எஃப். வட்டி 8.25 சதவீதம், பேங்க்கில் போட்டால் அது கிடைக்காது. நாங்கள் 40,000 மட்டும் கேட்டோம். 23,400 துண்டு விழுந்த நாட்களுக்கு, 16,000 அந்த 3,200 ரூபாய் கடனின் மீதி ஐந்து தவணைக்கு. அந்தக் கடன் வட்டி பி.எஃப். வட்டியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். குறைந்த வட்டி வீட்டுக் கடனை அடைக்க பி.எஃப்.ஐ எடுப்பவர்களைத் தடுக்கிறேன்.

அறிகுறி: ‘கணக்கு முடித்தாயிற்று’ என்கிறார்கள், கிராஜுவிட்டி (பணிக்கொடை) பற்றிப் பேச்சில்லை

நிரந்தர வேலையில் தொடர்ந்து 5 வருடம் இருந்திருந்தால் கேட்க உரிமை உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தோடு அகவிலைப்படியைச் சேர்த்து, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை வருடங்களால் பெருக்க வேண்டும். 13,000 என்றால் ஒரு வருடத்துக்கு 7,500, 11 வருடத்துக்கு 82,500. 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். தரவில்லை என்றால் தொழிலாளர் துறையில் மனு. இந்தப் பணத்தை வரும்வரை நோட்டில் வரவாக எழுதக் கூடாது. எங்களுக்கு அது ஜூனில்தான் வந்தது.

அறிகுறி: யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலே பதறுகிறது

சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்திருந்தால் வேலை போன அன்றே சிகிச்சை நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளாவது பணம் கட்டியிருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை சிகிச்சை உண்டு. வேலையிழந்தவர்களுக்கு 90 நாள் வரை சராசரிக் கூலியில் பாதி தரும் திட்டமும் அதில் உண்டு, வாழ்நாளில் ஒரு முறைதான். அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் அது, கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் இப்போதைய வருமானத்துக்கு வருமானச் சான்று வாங்கி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேருங்கள், ஆண்டு வருமான வரம்பு 1,20,000. யாராவது ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு சான்றுக்கு ஓடுவது பெரிய கொடுமை.

பள்ளிக் கட்டணப் பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. அரசுப் பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்கள் அந்தப் பயத்தில் தயங்க வேண்டாம்.

வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகையை நம்பிப் பலர் வருகிறார்கள். பதிவு செய்து 5 வருடம் காத்திருந்தவர்களுக்கு உரியது அது, நேற்று வேலை போனவர்களுக்குக் கிடைக்காது.

அறிகுறி: பணம் வர ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் நிற்கவில்லை

பிப்ரவரியில் அவர் கேரட் அறுவடைக்குப் போனார். விடியும் முன்னே தோட்டத்தில் நிற்க வேண்டும், கூலி 700. சூப்பர்வைசராக இருந்தவர், முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டுதான் போனார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே கைக்கு வந்த 700 ரூபாய், நோட்டில் தேதியை ஒன்றரை நாள் தள்ளி வைத்தது. அதைக் காட்டினேன். மறுநாள் அலாரம் அடிக்கும் முன் எழுந்துவிட்டார். ஏப்ரலில் குன்னூரில் ஒரு லாட்ஜில் வேலை கிடைத்தது, மே 6ஆம் தேதி முதல் சம்பளம்.

அதற்குள் எங்கள் நாள் கணக்கு மாறியிருந்தது. டியூ முடிந்தது, கரண்ட், அரிசி எல்லாம் சேர்ந்து 450லிருந்து 300க்கு இறங்கியது. சீசன் பணம் கைக்கு வந்ததும் பழையபடி செலவு செய்யத் தோன்றும். மலையில் சம்பாதிக்கும் மாதமும் சும்மா இருக்கும் மாதமும் முன்கூட்டியே தெரியும். ஏப்ரல், மே சம்பளம் அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் உரியது இல்லை, ஜூன் பள்ளிச் செலவுக்கும் ஜூலை, ஆகஸ்ட் மழைக்கும் சேர்த்துத்தான். சம்பளம் வந்த அன்றே அந்த நாட்களுக்கான தொகையை எண்ணித் தனிக் கணக்கில் போடுகிறேன்.

இப்போது நோட்டின் அட்டையில் இருக்கும் தேதி ஆகஸ்ட் 28. இரண்டாம் சீசன் செப்டம்பரில் ஆரம்பிக்கும், அந்தச் சம்பளம் அக்டோபர் முதல் வாரம். நடுவில் 38 நாள். பள்ளிச் சீருடைத் தையல் ஆர்டர் ஒன்று கேட்டிருக்கிறேன், கிடைத்தால் அது 20 நாள் செலவுக்கு ஆகும்.